பதிவுக்கு ஒரு மணி நேரம், பட்டாவுக்கு ஏழு மாதம்: உட்பிரிவு மனு எங்கே நிற்கிறது?

கெடிலக்கரை (கேள்வி)

கடலூர் மாவட்டம், கிராமப்புற நஞ்சை. 0.62.5 ஹெக்டேர் பரப்புள்ள புலத்தில் (ஒரே சர்வே எண் நிலம்) 18 சென்ட் மட்டும் கிரயம். மார்ச்சில் பதிவு. அன்றைக்கே உட்பிரிவுக் கட்டணமும் கட்டியாயிற்று, ரசீது இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் போட்டோ, கைரேகை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்தான். பட்டா மாறுதல் மனு அங்கிருந்து தானாகவே வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்விடும், தனியாக எதுவும் கொடுக்க வேண்டாம் என்றார்கள். மனு எண்ணும் வந்தது.

இப்போது அக்டோபர். நிலையைப் பார்த்தால் ஜூனிலிருந்து ஒரே வரி, நில அளவரிடம் நிலுவை. 1100-இல் (முதல்வர் உதவி மைய எண்) புகார் கொடுத்ததற்கு 'நடவடிக்கையில் உள்ளது' என்று பதில் போட்டுப் புகாரை முடித்துவிட்டார்கள். வி.ஏ.ஓ.வைக் கேட்டால் சர்வேயரைக் கை காட்டுகிறார். சர்வேயர் 'சீனியாரிட்டிப்படி வரும்' என்கிறார்.

மனுவைத் திரும்பப் புதிதாகப் போடலாமா? ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டால் நகருமா, இல்லை பகைதான் மிஞ்சுமா? ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மேல்முறையீடு செய்யலாமா? 'ஏதாவது கொடுத்தால் ஒரு வாரம்' என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். அந்த வழி வேண்டாம். எல்லாம் கணினி மயம் என்கிறார்கள், பிறகு இந்த ஏழு மாதம் எங்கே போகிறது என்பதாவது தெரிய வேண்டும்.

---

முந்திரித்தோப்பு

சார், பட்டா மாறுதலில் இரண்டு வகை உண்டு. ஒரு புலத்தையோ உட்பிரிவையோ முழுசாக வாங்கினால் அளக்கிற வேலையே இல்லை, பெயரை மாற்றினால் முடிந்தது. விற்றவர் பெயரில் தனிப் பட்டா இருந்து, பத்திரத்தில் உள்ள எண்ணும் பரப்பும் அதோடு பொருந்தினால் யார் கையும் படாமலே மாறிவிடும். 'பதிவு செய்தவுடன் பட்டா' என்று கேள்விப்படுவதெல்லாம் இந்த வகைதான்.

உங்களுடையது உட்பிரிவு உள்ள இனம். 18 சென்ட்டை வயலில் அளந்து, புலப்படத்தில் கோடு போட்டு, புது உட்பிரிவு எண் கொடுத்த பிறகுதான் பெயர் ஏறும். முதல் வகைக்கு 15 நாள், உங்கள் வகைக்கு 30 நாள் என்பது அரசு வைத்த கெடு. காகிதம் திரைக்குப் போய்விட்டது, ஆனால் வயலில் இறங்குகிற ஆள் இன்னும் குறுவட்டத்துக்கு (பல கிராமங்கள் சேர்ந்த பிர்கா) ஒருவர்தான். பல இடங்களில் அவரே பக்கத்துக் குறுவட்டத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். ஏழு மாதத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது.

ஆனால் ஆள் பற்றாக்குறை பாதிக் கதைதான். சர்வேயர் கையில் இருக்கிற மனுக் கட்டுக்குள் சுலபமாக முடிகிறவை முதலில் போகும், சிக்கல் உள்ளவை அடியில் தங்கும். உங்கள் மனுவில் சிக்கல் இருந்தும் அதை யாரும் வாயைத் திறந்து சொல்லாமல் இருக்கலாம். புகார் எழுதுவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள். நிலப்பதிவு இணையதளத்தில் சிட்டா (யார் பெயரில் பட்டா என்ற விவரம்), 'அ' பதிவேடு (கிராம நிலங்களின் பதிவேடு), புலப்படம் (புலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுத்துப் பத்திரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில் பரப்பு. பத்திரம் சென்ட்டிலும் சதுர அடியிலும் பேசும், பட்டா ஹெக்டேர்-ஏர்ஸில் பேசும். 0.62.5 என்றால் 62.5 ஏர்ஸ், சுமார் 154 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 40.47 சதுர மீட்டர். உங்கள் 18 சென்ட் 7,841 சதுர அடி, 7.28 ஏர்ஸ். இப்போது பத்திரத்தில் உள்ள நான்கு பக்க அளவைப் பெருக்கிப் பாருங்கள். கிழமேல் இருபுறமும் 60 அடி, தென்வடல் இருபுறமும் 130 அடி என்றால் 7,800 வரும், பரவாயில்லை. கிழமேல் வடபுறம் 60, தென்புறம் 52 என்றிருந்தால் 7,280 தான், 16.7 சென்ட். ஒன்றேகால் சென்ட்டுக்கு மேல் காற்றில் தொங்குகிறது. எதை வைத்துக் கோடு போடுவது என்று தெரியாமல் சர்வேயர் அதை ஒதுக்கி வைப்பார். பத்திரம் எழுதுபவர் சென்ட்டை மட்டும் கவனித்து அடியை ஒப்புக்கு எழுதியிருப்பார். இதுதான் நான் பார்த்தவரை முதல் காரணம்.

அடுத்து செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம். 'வடக்கே வாய்க்கால்' என்று பத்திரம் சொல்லும், புலப்படத்தில் வாய்க்கால் கிழக்கே ஓடும். தாய்ப் பத்திரத்தில் (விற்றவருக்கு உரிமை தந்த முந்தைய பத்திரம்) இருந்த தவறை அப்படியே நகல் எடுத்திருப்பார்கள். அளவோ எல்லையோ தவறாக இருந்தால் விற்றவரோடு போய்ப் பிழைத்திருத்தல் ஆவணம் பதிவதுதான் வழி. அவர் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

மூன்றாவது, கூட்டுப் பட்டா, அதாவது பலர் பெயரும் சேர்ந்த பட்டா. அந்த 154 சென்ட்டில் ஏற்கெனவே யார் யாருக்கு எவ்வளவு விற்றிருக்கிறது? அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டு விற்ற பரப்பையெல்லாம் கூட்டுங்கள். 154-ஐத் தாண்டினால் கடைசியில் வாங்கியவருக்கு நிலம் குறையும். அது சர்வேயரால் தீர்க்க முடியாத சமாச்சாரம்.

நான்காவது, கல். புலத்தின் மூலைக் கற்கள் இல்லாவிட்டால் பக்கத்துப் புலத்தின் கல்லிலிருந்து அளந்து வர வேண்டும். அரை மணி வேலை அரை நாளாகும்.

புரோக்கர் விஷயம்: கிராமப்புறத்தில் ஓர் உட்பிரிவுக்கு 400 ரூபாய், அதைக் கட்டிவிட்டீர்கள். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் விலக்கு.

---

ஓ.டி. கடைத்தெரு

மேலே சொன்னதைப் பார்த்துவிட்டு வாருங்கள். சிக்கல் எதுவும் இல்லை, வெறும் தேக்கம்தான் என்றால் இது உங்களுக்கு.

முதலில் உங்கள் மூன்றாவது கேள்வி. பட்டா பாஸ்புக் சட்டம் 1983-இன்படி வட்டாட்சியர் *உத்தரவு* போட்டால்தான் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு, அதற்கு மேல் டி.ஆர்.ஓ.விடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) சீராய்வு. உங்களுக்கு இன்னும் உத்தரவே இல்லை. எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வீர்கள்? ஏற்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை என்கிற இந்த நடுநிலைதான் அலுவலகத்துக்கு ரொம்ப வசதி.

புதிய மனு போடாதீர்கள். பழையது நிலுவையில் இருக்கும்போது இன்னொன்று போட்டால் 'இரட்டை மனு' என்று இரண்டில் ஒன்று தள்ளுபடியாகும். அது பெரும்பாலும் மார்ச் மனுவாக இருக்கும், உங்கள் சீனியாரிட்டியும் அதோடு போகும். நிராகரித்துவிட்டால் கதை வேறு. 'ஆவணம் இணைக்கவில்லை' போன்ற சில்லறைக் காரணம் என்றால் குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிப்பதுதான் வேகம். உரிமையிலேயே ஆட்சேபம் என்றால் ஆர்.டி.ஓ.

ஆர்.டி.ஐ. பகையாவதும் ஆகாததும் கேள்வியைப் பொறுத்தது. 'ஏன் தாமதம்?', 'யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை?' என்று கேட்டால் 'விளக்கம் கோருவது தகவல் ஆகாது' என்று ஒரே வரியில் பதில் வரும், சண்டையும் மிச்சம். அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தைக் கேளுங்கள்:

ஒன்று, இந்த எண்ணுள்ள மனு எந்தெந்தத் தேதியில் எந்தப் பதவியில் உள்ளவரிடம் போனது என்ற பதிவின் நகல். இரண்டு, கிராம நிர்வாக அலுவலர் அனுப்பிய அறிக்கையின் நகல். மூன்று, இந்த ஒரு கிராமத்தில் மார்ச் முதல் ஜூன் வரை வந்த உட்பிரிவு மனுக்களின் பட்டியல், வந்த தேதியும் முடித்த தேதியும் மட்டும், பெயர் வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். உங்களுக்குப் பிந்தி வந்தவை முன்னால் முடிந்திருந்தால் 'சீனியாரிட்டி' என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகும். ஒரு கிராமம், நான்கு மாதம் என்று சுருக்கிக் கேட்பது அதற்காகத்தான். வட்டம் முழுக்கக் கேட்டால் 'திரட்டித் தர இயலாது' என்பார்கள்.

வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம் என்று முகவரியிட்டு, தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். 30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1) முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் வழக்கு எடுக்கவே நாளாகும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆர்.டி.ஐ.யின் வேலை முதல் 30 நாளில்தான். பதில் தயாரிக்க யாராவது உங்கள் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். திறந்த கோப்பை அப்படியே மூடி வைப்பது அவர்களுக்கும் கஷ்டம்.

1100 மனு ஏன் பயன்படவில்லை? அந்தப் புகார் சுற்றிச் சுற்றி அதே வட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான் வரும். அங்கே அதற்குப் பதில் எழுதுவதற்கு ஒரு கெடு, பட்டாவுக்கு இன்னொரு கெடு. பதிலின் கெடுவைத்தான் மேலிடம் எண்ணுகிறது. 2025 ஜூலை 15 அன்று சிதம்பரத்தில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் 45 நாளில் தீர்வு என்றார்கள். எந்த முகாமானாலும் மனுவில் 'பட்டா வேண்டும்' என்று மட்டும் எழுதினால் இதே கதிதான். 'இந்த எண்ணுள்ள மனுவுக்கு நில அளவை செய்யும் தேதியை எழுத்தில் தெரிவிக்கவும்' என்று கேளுங்கள். தேதி கேட்ட மனுவை 'நடவடிக்கையில் உள்ளது' என்று முடிப்பது கொஞ்சம் சிரமம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போனாலும் இதே வாசகம்தான்.

உயர் நீதிமன்றம் கடைசி. ரிட் போட்டால் பெரும்பாலும் 'இத்தனை வாரத்தில் பரிசீலித்து முடிவெடுக்கவும்' என்றுதான் உத்தரவாகும், 'பட்டா கொடு' என்று ஆகாது. 18 சென்ட்டுக்கு அந்தச் செலவு தேவையா என்பது உங்கள் கணக்கு.

---

தாளடிப் பட்டம்

ரெண்டு பேரும் காகிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அக்டோபரில் நஞ்சையை எப்படி அளப்பது? இப்போது சம்பா நட்டிருக்கும், வரப்பைத் தவிர மிதிக்க இடமில்லை. அடுத்த இரண்டு மாதம் வடகிழக்குப் பருவமழை. நம்ம மாவட்டத்தில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் வருவாய்த் துறை முழுக்க முகாம், பயிர்ச்சேதக் கணக்கு என்று போய்விடும். 2011 'தானே' புயல், 2015 வெள்ளம், 2024 'பெஞ்சல்' புயல் எல்லாமே நவம்பர், டிசம்பரில் வந்தவைதான். பொங்கல் வரைக்கும் நஞ்சை உட்பிரிவு நகர்வது அபூர்வம். மே மாதம் வாக்கில் ஜமாபந்தி (வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை) வேறு, அப்போது கணக்கு ஒப்பிப்பதில் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். ஆக, வேலை நடக்கிற காலம் அறுவடை முடிந்த பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான்.

ஆர்.டி.ஐ.யை இப்போதே போட்டு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அளவைத் தேதி பிப்ரவரியில் வரும்படி கேளுங்கள். தை அறுவடை முடிந்து மண் இறுகிய வாரம்.

அளக்கும் நாளுக்குத் தயாராக இல்லாததாலும் பாதி மனுக்கள் திரும்பிப் போகின்றன. சர்வேயர் வருகிறார், பக்கத்து வயல்காரர் 'எனக்குத் தெரியாமல் அளக்கக் கூடாது' என்கிறார், அவர் திரும்பிப் போய்விடுகிறார். அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. எனவே:

விற்றவரை நிலத்துக்கு வரச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்து 18 சென்ட் என்று கை காட்ட வேண்டியவர் அவர்தான். நான்கு எல்லைக்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூலைக் கல் எங்கே என்று முந்தின நாளே மண்வெட்டியோடு போய்த் தேடி, சுற்றிச் சுத்தம் செய்து சுண்ணாம்பு தடவுங்கள். பெரும்பாலும் வரப்பை வெட்டிப் பெரிசாக்கியபோது ஓர் அடி ஆழத்தில் புதைந்திருக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு என்றால் கல்லுக்குக் கல் பார்வை தெரிய வேண்டும், கிளையைக் கழித்து வையுங்கள். புதிதாக நட நான்கு கல் நிலத்திலேயே தயாராகக் கிடக்கட்டும். டேப் பிடிக்க ஆள் இரண்டு பேர்.

கல்லே இல்லை, பக்கத்துக்காரரோடு எல்லைத் தகராறும் இருக்கிறது என்றால் உட்பிரிவு மனு அதைத் தீர்க்காது. அதற்கு 'எஃப் லைன்' அளவை (புல எல்லையை அளந்து காட்டுவது) என்று தனி மனு, தனிக் கட்டணம், இதுவும் ஆன்லைனில் போடலாம். அதை முடித்துவிட்டு உட்பிரிவுக்கு வாருங்கள்.

---

பாகூர் ஏரி

கடலூர் எல்லையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாகூர் கொம்யூன் கிராமங்களும் கடலூர் வட்டக் கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கின்றன. ரோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி. மேலே சொன்ன இணையதளம், 30 நாள் கெடு, 400 ரூபாய், 1100 எதுவும் எங்கள் பக்கம் செல்லாது. புதுச்சேரிக்கு 'நிலமகள்' என்ற இணையதளம் தனி, நில அளவைத் துறை தனி. ஆர்.டி.ஐ. சட்டம் ஒன்றுதான், ஆனால் இங்கே இரண்டாவது மேல்முறையீடு டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. கட்டண வகையும் வேறு, கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். நான்கு பக்க அளவும் சரியாக வருகிறது, 7,830. செக்குபந்தியும் சரி. ஆனால் சிட்டாவில் இருப்பது விற்றவரின் பெயர் இல்லை, காலமான அவருடைய அப்பாவின் பெயரும் சித்தப்பாவின் பெயரும். இதை வைத்துக்கொண்டு எப்படிப் பதிவானது? இதுதான் தடையா?

---

முந்திரித்தோப்பு

அதுதான் தடை. பத்திரம் பதிவாவது வேறு, வருவாய்க் கணக்கில் பெயர் ஏறுவது வேறு. விற்றவருக்கு உரிமை எப்படி வந்தது என்ற சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போயிருக்கிறது. வி.ஏ.ஓ. அறிக்கையில் 'பட்டாதாரர் வேறு' என்று எழுதியிருப்பார், அதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஆர்.டி.ஐ.யின் இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கட்டும்.

இப்போது பார்க்க வேண்டியது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பதிவான பாகப்பிரிவினை உண்டா என்பது. இருந்து, உங்கள் 18 சென்ட் அப்பா பாகத்துக்குள் வந்தால் பாதிக் கவலை விட்டது. பிறகு அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. வாரிசுச் சான்றில் விற்றவரைத் தவிர வேறு பெயர்கள் இருக்கிறதா பாருங்கள். அக்கா தங்கைகள், அம்மா யாராவது இருந்து உங்கள் கிரயத்தில் கையெழுத்துப் போடவில்லை என்றால், அவர்களிடமிருந்து விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம்) பதிய வேண்டும். 'அண்ணன் விற்றது எங்களுக்குச் சம்மதம்' என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி போட்டுக் கொடுப்பார்கள், அது நிற்காது. பாகப்பிரிவினையே இல்லை, வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்றால் சித்தப்பா வீட்டாரும் கையெழுத்துக்கு வேண்டும். இங்கே பட்டாவை விட்டுவிட்டு ஒரு வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டுங்கள்.

ஆவணங்கள் கைக்கு வந்ததும் புது மனு போடாதீர்கள். பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மூடுகடிதத்தோடு வட்டாட்சியர் அலுவலகத் தபால் பிரிவில் ஒரு செட், வி.ஏ.ஓ.விடம் ஒரு செட். இரண்டுக்கும் ஒப்புகை.

---

ஓ.டி. கடைத்தெரு

அதோடு, விற்றவரைக் கூடவே அழைத்துப் போங்கள். பணம் முழுசாகக் கொடுத்தாயிற்று என்றால் நயமாகத்தான் பேச வேண்டும். பத்திரத்தைத் திறந்து பாருங்கள், 'பட்டா மாறுதலுக்கு வேண்டிய ஒத்துழைப்பைத் தன் செலவில் தருவதாக' ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதைக் காட்டலாம்.

---

கெடிலக்கரை

அந்த வரி இருக்கிறது. பாகப்பிரிவினை 1994-இல் பதிவானது என்கிறார், நகல் மனு போட்டிருக்கிறோம். ஒரு தங்கை இருக்கிறாராம், நெய்வேலியில். கடைசியாக ஒன்று: பட்டா வந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரிதானே?

---

தாளடிப் பட்டம்

முடியாது. பட்டா வந்த அன்றைக்கே புலப்படத்தையும் இறக்கிப் பாருங்கள். பட்டாவில் புது உட்பிரிவு எண் இருக்கும், படத்தில் பழைய கோடே இருக்கும். சர்வேயர் கையால் வரைந்ததைக் கணினிப் படத்தில் ஏற்றுவது தனி வேலை, அது தனியாகத் தேங்கும். நாளைக்கு வங்கியில் கடன் கேட்டாலும் விற்கப் போனாலும் படத்தைத்தான் முதலில் கேட்பார்கள். ஏறவில்லை என்றால் பட்டா நகலை இணைத்து, 'உட்பிரிவு உத்தரவுப்படி புலப்படத்தில் மாற்றம் செய்யவும்' என்று வட்ட நில அளவைப் பிரிவுக்கு உடனே ஒரு மனு. அளந்தவர் அதே இடத்தில் வேலை பார்க்கும்போதே போடுங்கள். மாற்றலாகிப் போய்விட்டால் அவர் வரைந்த தாளைத் தேடுவதிலேயே அடுத்த சம்பா வந்துவிடும்.